கிணற்றடியிலும் உழவு இயந்திரத்திலும் பாரந்தூக்கும் இணைப்புச் சாமான்களின் பாதுகாப்பு

சிறுபோகத்தின் கடைசி நாட்களில் உலர் வலயத்துக் கிணறுகளில் நீர்மட்டம் மிகவுந் தாழ்ந்துவிடுகின்றது. கிணற்றில் இறங்கிச் சேறு வாருவதற்கும், அடிக்கல்லை உடைத்து ஆழமாக்குவதற்கும், பழுதடைந்த நீரிறைக்கும் இயந்திரத்தை மேலே எடுப்பதற்கும் அதுவே ஏற்ற காலமாகும். அவ்வேலை நடக்கும்போது கிணற்றின் மேலே ஒரு மரமும் கப்பியும் இருக்கும். கப்பியிலிருந்து ஒரு வடம் இறங்கும். வடத்தின் முனையில் ஒரு கொழுக்கியும், கொழுக்கியிற் சேறு நிறைந்த வாளியும் தொங்கும். வாளிக்கு நேர் கீழே மனிதர் நிற்பர். கிணற்றுக்குள் நிற்பவருக்கு விலகி ஓட இடமில்லை. ஆதலால் அவருடைய உயிர் அந்த வடத்திலும் கொழுக்கியிலுமே தங்கியிருக்கின்றது.

துலாவால் இறைத்த காலத்திற் பாரம் ஒரு பட்டைத் தண்ணீரேயாகும். கயிறும் இறைப்பவரின் கையிலேயே இருந்தமையால் அதன் தேய்வை அவர் கை உடனே அறியும். இன்றோ செயின் புளொக், மின்மோட்டார், உழவு இயந்திரம் ஆகியவை பாரத்தைத் தூக்குகின்றன. தூக்குஞ் சக்தி பன்மடங்கு பெருகியுள்ளது. ஆனால் பாரத்தைப் பற்றியிருக்கும் கொழுக்கியும் கயிறும் பல இடங்களிற் பழையனவாகவே உள்ளன. இயந்திரம் களைப்பதில்லை, இணைப்பு நொந்து போவதை அது உணர்வதுமில்லை. எனவே இயந்திரத்தைப் பேணுவதிலுங் கூடிய கவனத்துடன் இணைப்புச் சாமான்களைப் பேணுதல் வேண்டும்.

இணைப்புச் சாமான்கள் எவை?

தூக்குங் கருவிக்கும் தூக்கப்படும் பாரத்துக்கும் இடையில் வருவன யாவும் இணைப்புச் சாமான்களாம். கயிறு, கம்பிவடம், சங்கிலி, பட்டி, கொழுக்கி, வளையம், வளைந்த இரும்பின் இரு காதுகளையும் ஓர் ஆணி குறுக்கே பூட்டும் சக்கிள், கம்பிவடக் கிளிப்பு, கப்பியைத் தொங்கவிடும் கட்டு, வாளியின் கைபிடி ஆகியவை இவற்றுள் அடங்கும். உழவு இயந்திரத்தின் பின்புறத்திற் கலப்பையைப் பூட்டும் ஆணிகளும், அவ்வாணிகள் கழலாது காக்கும் பூட்டூசிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், முழுத் தொடரின் வலிமையும் அதிலுள்ள மிக மெலிந்த உறுப்பின் வலிமையேயாகும். இரண்டு தொன் தூக்கும் செயின் புளொக்கின் கீழே, கட்டிடக் கம்பியை வளைத்துச் செய்த கொழுக்கியை மாட்டினால், அத்தொடர் இரண்டு தொன் தூக்கவல்லதன்று. அக்கொழுக்கி தாங்கும் அளவையே தாங்கும். அவ்வளவு எவ்வளவு என்பது அதனை வளைத்தவருக்குந் தெரியாது.

முறிசுமையும் வேலைச்சுமையும்

ஒரு கயிறு அல்லது சங்கிலி எந்தப் பாரத்தில் அறுமோ அது அதன் முறிசுமை எனப்படும். நாளாந்த வேலையில் அதன்மீது ஏற்றத்தகும் மிகக் கூடிய பாரம் வேலைச்சுமை எனப்படும். வேலைச்சுமை எப்பொழுதும் முறிசுமையின் ஒரு சிறு பங்காகவே இருத்தல் வேண்டும். தூக்குவதற்கென உரமேற்றிச் செய்த உருக்குச் சங்கிலிக்கு நான்கிலொரு பங்கும், கம்பிவடத்துக்கு ஐந்திலொரு பங்கும், நார்க்கயிற்றுக்கும் செயற்கை நூற்பட்டிக்கும் ஏழிலொரு பங்கும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகளாம்.

மிகுதிப் பங்கு வீணாகிப் போவதன்று. பாரம் திடீரெனக் குலுங்குதல், தேய்வு, துரு, வெயிலாலும் ஈரத்தாலும் ஏற்படும் நலிவு, பாரத்தைக் குறைத்து மதிப்பிடும் பிழை ஆகியவற்றையெல்லாம் அந்த மிகுதியே தாங்குகின்றது. "இதைவிடப் பெரிய பாரத்தை முன்னர் தூக்கியது, இதையுந் தூக்கும்" என்று சொல்பவர் அந்த மிகுதியைச் செலவழித்து வருகின்றார். அது தீர்ந்த நாள் எதுவென்று வடம் முன்னறிவிப்பதில்லை.

ஓர் எளிய கணக்கு

அறுபது லீற்றர் கொள்ளும் வாளியொன்றிற் சேறு நிரப்பப்படுகின்றது என்க. தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஒரு கிலோகிராம் நிறையுடையது. ஈரக் களிமண்ணோ ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 1.8 கிலோகிராம் இருக்கும். எனவே சேறு 108 கிலோகிராம். வாளி 12 கிலோகிராம். மொத்தம் 120 கிலோகிராம். இஃது இரண்டு மூடை யூரியாவிலுங் கூடிய பாரம். அதே வாளி தண்ணீர் நிறைந்திருந்தால் 72 கிலோகிராமே. தண்ணீருக்குப் போதுமாயிருந்த கயிறு சேற்றுக்குப் போதாமற்போவது இதனாலேயே.

இனிக் கயிற்றைப் பார்ப்போம். அதன் முறிசுமை 1,000 கிலோகிராம் எனக் கொள்வோம். ஏழிலொரு பங்கு ஏறக்குறைய 140 கிலோகிராம். ஆகவே புதிய கயிறு 120 கிலோகிராமைத் தூக்கலாம். ஆனால் அக்கயிற்றை வாளியிலே முடிச்சிட்டுக் கட்டினால் நிலைமை மாறுகின்றது. முடிச்சில் நார்கள் கூர்மையாக மடிந்து ஒன்றையொன்று நெரிப்பதால், கயிறு தன் வலிமையில் ஏறக்குறைய அரைவாசியை அவ்விடத்தில் இழக்கின்றது. முறிசுமை 500 கிலோகிராமாகின்றது. வேலைச்சுமை 70 கிலோகிராமாகின்றது. புதிய கயிறாயினும், முடிச்சிட்டவுடனேயே, அச்சேற்று வாளியைத் தூக்கத் தகுதியற்றதாய்விடுகின்றது. முனையைக் குழைச்சு வளைத்து, உள்ளே இரும்புக் கண்ணி வைத்து, புரிகளைத் திரும்பப் பின்னி முடித்தால் இவ்விழப்பிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

குலுக்கத்தையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தளர்ந்திருந்த வடத்தில் ஒரு பாரம் சடுதியாகத் தொங்குமாயின், அது சிறிதும் விழாவிட்டாலுங்கூட, அக்கணத்தில் வடத்தின்மீது இரு மடங்கு இழுவை உண்டாகும். சிறிது தூரம் விழுந்து நின்றால் இழுவை அதனிலும் பெருகும். வாளி கிணற்றுச் சுவரின் கல்லிற் சிக்கி, பின்னர் திடீரென விடுபடுவது இத்தகையதே. வடங்கள் அறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணத்திலாகும்.

கப்பியைத் தாங்கும் மரமும் கட்டும்

கமக்காரர் பலர் கவனியாத ஓர் உண்மை இங்கு உண்டு. கிணற்றின்மேல் நிலையாகத் தொங்கும் ஒரு கப்பியின் ஒரு புறத்திற் பாரம் தொங்குகின்றது. மறுபுறத்தில் மனிதரோ இயந்திரமோ கீழ்நோக்கி இழுக்கின்றனர். பாரம் 120 கிலோகிராமாயின், கப்பியின் உராய்வையும் வென்று தூக்குவதற்கு ஏறக்குறைய 130 கிலோகிராம் இழுவை வேண்டும். இவ்விரண்டையும் தாங்குவது கப்பியின் கொழுக்கியும் அது தொங்கும் மரமுமேயாம். ஆகவே வடத்தின்மீது 120 கிலோகிராம் பாரமிருக்கும்போது, கப்பியைத் தாங்கும் கட்டின்மீது 250 கிலோகிராம் பாரமிருக்கின்றது.

இதனால், கப்பியைத் தொங்கவிடும் சக்கிளும் கட்டும் வடத்தைப்போல இரு மடங்கு வலிமையுடையனவாயிருத்தல் வேண்டும். பழந்துண்டுக் கயிற்றினாற் கப்பியைக் கட்டிவிட்டு, புதிய வடத்தைக் கப்பியிற் போடுவது தலைகீழான சிக்கனமாகும். குறுக்கு மரம் செல்லரிக்காததாயும், வெடிப்பும் பெருங்கணுவும் இல்லாததாயும், இரு புறமும் உறுதியான நிலத்தில் நன்றாக அழுந்தியிருப்பதாயும் இருத்தல் வேண்டும். முக்காலி நிறுத்துமிடத்து அதன் கால்கள் விரிந்துவிடாவண்ணம் அடியிற் சங்கிலியாற் பிணைத்தல் வேண்டும்.

இரு காற் பிணைப்பு

நீரிறைக்கும் இயந்திரம் போன்ற பாரங்களை இரண்டு இடங்களிற் பற்றி, இரு கயிறுகளையும் மேலே ஒரே கொழுக்கியிற் கோத்துத் தூக்குவது வழக்கம். கயிறுகள் இரண்டாதலால் ஒவ்வொன்றும் அரைப் பாரத்தையே தாங்குமென்று நினைப்பது தவறு. இரு கால்களும் நேர் கீழாகத் தொங்கினால் மட்டுமே அது உண்மை. 100 கிலோகிராம் பாரமொன்றை எடுத்துக்கொண்டால், கால்களுக்கிடையிலுள்ள கோணம் 60 பாகையாகும்போது ஒவ்வொரு காலிலும் 58 கிலோகிராமும், 90 பாகையாகும்போது 71 கிலோகிராமும், 120 பாகையாகும்போது முழு 100 கிலோகிராமும் இழுவை உண்டாகும். அதற்கு மேலும் விரிந்தால், ஒற்றைக் கயிற்றிலே தூக்குவதினும் அது கேடானதாகும்.

கோணத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. பாரத்தைப் பற்றும் இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரம், ஒரு காலின் நீளத்துக்குச் சமமாயிருக்கும்போது கோணம் 60 பாகையாகும். ஆகவே அத்தூரம் கால் நீளத்தை மிஞ்சாதபடி போதிய நீளமான கயிறுகளைப் பயன்படுத்துவதே விதி. கயிறு குட்டையாயிருப்பின் வேறு நீண்ட கயிற்றைத் தேடுதல் வேண்டுமேயன்றி, இழுத்து மாட்டலாகாது.

வாங்கும்போது கவனிக்கத்தக்கவை

பாரந்தூக்குவதற்கென்று செய்யப்பட்ட கொழுக்கியிலும் சக்கிளிலும் அதன் வேலைச்சுமை பொறிக்கப்பட்டிருக்கும். "டபிள்யூ. எல். எல்." அல்லது "எஸ். டபிள்யூ. எல்." என்னும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண் அதனைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, தரமான சக்கிளொன்று அரை அங்குலத் தடிப்புடையதாயின் 2 தொன் எனப் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். உரமேற்றிய உருக்குச் சங்கிலியில் "8" என்னுந் தர எண் இடைக்கிடையே பொறிக்கப்பட்டிருக்கும். இத்தரத்தைச் சேர்ந்த 8 மில்லிமீற்றர்ச் சங்கிலி நேராகத் தொங்கும்போது 2 தொன் வேலைச்சுமை உடையது.

பொறிப்பு எதுவுமில்லாத சக்கிளும் சங்கிலியும் படலையைப் பூட்டவும், மாட்டைக் கட்டவும், சுமையேற்றிய வண்டியை இறுக்கவும் உதவலாம், பாரந்தூக்க உதவா. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். பொறிப்பைப் பார்த்து வாங்குவதே வேறுபாட்டை அறியும் வழி.

கட்டிடக் கம்பியை வளைத்துக் கொழுக்கி செய்தலும், உடைந்த கொழுக்கியை ஒட்டவைத்தலும் அறவே தவிர்க்கப்படல் வேண்டும். உருக்கிலே அடித்துச் செய்த நல்ல கொழுக்கி, பாரம் மிஞ்சும்போது மெல்ல விரிந்து எச்சரிக்கை தரும். நெருப்பிலே காய்ச்சி வளைத்ததும், ஒட்டியதும் அவ்வாறு விரியாமற் சடுதியாக முறியலாம். தூக்கும் சாமான்களைச் சூடாக்கவோ, துளையிடவோ, ஒட்டவோ கூடாது; பழுதானால் மாற்றவேண்டும்.

கயிற்றைப் பரிசோதித்தல்

கயிற்றை வெளியே பார்த்தால் மட்டும் போதாது. இடைக்கிடையே புரிகளை முறுக்கவிழ்த்து உட்புறத்தையும் பார்த்தல் வேண்டும். உள்ளே தூள் கொட்டுதலும், நார் கறுத்திருத்தலும், ஊசிய மணம் வீசுதலும் அது உக்கிவிட்டதைக் காட்டும். நைலோன் கயிறு நனைந்திருக்கும்போது தன் வலிமையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கை இழக்கின்றது. மலிவாகக் கிடைக்கும் பொலிப்புறொப்பிலீன் கயிறு வெயிலில் நெடுநாட் கிடந்தால் நலிவடைந்து, விரலால் உரசும்போது பொடியாக உதிரும். அத்தகைய கயிறு பந்தலுக்குக் கொடி கட்டவே உதவும்.

சுண்ணக்கல் வெட்டிய கிணறுகளின் விளிம்பு அரம்போன்றது. வடம் அவ்விளிம்பில் உரசாதவாறு கப்பியை உள்ளே தள்ளி அமைத்தல் வேண்டும். முடியாதவிடத்துப் பழைய ரயர்த் துண்டொன்றை விளிம்பில் விரித்தல் நன்று. கயிற்றை உரமூடைகளோடும், பற்றரியோடும், கிருமிநாசினிகளோடும் ஒரே மூலையில் வைத்தலாகாது. அமிலம் நைலோனையும், காரம் பொலியெஸ்ரரையும் அரித்துவிடும். கண்ணுக்கு அது உடனே தோன்றாது.

கம்பிவடத்தைப் பரிசோதித்தல்

கம்பிவடத்திற் புரியொன்று வடத்தை முழுதாக ஒருமுறை சுற்றிவரும் நீளத்தை அளந்துகொள்க. அந்நீளத்துக்குள் மொத்தமாகப் பத்துக் கம்பிகள் அறுந்திருந்தாலும், ஒரே புரியில் ஐந்து கம்பிகள் அறுந்திருந்தாலும், தூக்குபிணையாக அவ்வடத்தைப் பயன்படுத்தலாகாது. முடங்கி நெளிந்த இடம், புரி விரிந்து கூடுபோலான இடம், துருவினாற் குழி விழுந்த இடம் ஆகியவை ஒன்றிருந்தாலும் வடம் தள்ளத்தக்கது. வெறுங்கையால் தடவாது, தோலுறை அணிந்தோ, பழந்துணியொன்றைச் சுற்றி இழுத்தோ பார்த்தல் வேண்டும். அறுந்த கம்பி துணியிற் சிக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வடத்தின் முனையைக் கண்ணியாக மடித்துத் தொழிற்சாலையில் அழுத்திப் பூட்டியதே சிறந்தது. கிளிப்புப் பூட்ட நேர்ந்தால், குறைந்தது மூன்று கிளிப்புகள் வேண்டும். தயாரித்தவர் கூடுதலாகக் குறித்திருப்பின் அத்தனையும் பூட்டுதல் வேண்டும். கிளிப்புகளுக்கிடையில் வடத்தின் விட்டத்தைப்போல ஆறு மடங்கு தூரம் இருத்தல் வேண்டும். கிளிப்பின் தட்டையான அடிக்கட்டை பாரந்தாங்கும் நீண்ட வடத்தின்மீதும், வளைந்த ஆணி மடித்த குட்டை முனையின்மீதும் இருக்கவேண்டும். மாறிப் பூட்டினால் வளைந்த ஆணி பாரந்தாங்கும் வடத்தையே நெரித்துக் காயப்படுத்தும். முதன்முறை பாரமேற்றியபின் சுரைகள் தளர்வதால், இறக்கியவுடன் மீண்டும் முறுக்குதல் அவசியம்.

சங்கிலி, கொழுக்கி, சக்கிள்

சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்திலேயே தேய்வு மிகும். தடிப்பிற் பத்திலொரு பங்கு தேய்ந்தால் சங்கிலி தள்ளத்தக்கது. 8 மில்லிமீற்றர்ச் சங்கிலிக்கு 7.2 மில்லிமீற்றரே எல்லை. சங்கிலி புதிதாயிருக்கும்போது பத்துக் கண்ணிகளின் நீளத்தை அளந்து குறித்துவைத்தால், பின்னர் அது நீண்டுள்ளதா என்பதை எளிதில் அறியலாம். நூற்றுக்கு ஐந்து பங்கு நீண்டிருப்பின் அது அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தாங்கிவிட்டது என்று கொள்ளல் வேண்டும். சங்கிலியை முடிச்சிட்டுக் குறுக்குவதும், அறுந்த சங்கிலியைச் சுரையாணியிட்டு இணைப்பதும் உயிருக்கு உலைவைக்குஞ் செயல்கள்.

கொழுக்கியை வாங்கியவுடன் அதன் வாயின் அகலத்தை அளந்து எழுதிவைத்தல் வேண்டும். 30 மில்லிமீற்றராயிருந்த வாய் 31.5 மில்லிமீற்றராக விரிந்திருந்தாற்கூட அக்கொழுக்கியை ஒதுக்கிவிடுதல் தக்கது. கொழுக்கியின் வாயை அடைக்கும் நாக்கு இன்றியமையாதது. வாளி கிணற்றுக் கட்டிலோ சேற்றிலோ இருந்தவுடன் வடம் தளர்கின்றது. தளர்ந்த கொழுக்கி புரண்டு கைபிடியை விட்டு விலகுகின்றது. மீண்டும் இழுக்கும்போது கைபிடி கொழுக்கியின் அடியில் அமையாமல் நுனியிற் பற்றிக்கொள்கின்றது. பாதி வழியில் அது நழுவும். நாக்கு இருக்குமாயின் இவ்விபத்து நேராது.

சக்கிளின் ஆணி அச்சக்கிளுக்கென்றே செய்யப்பட்டதாயிருத்தல் வேண்டும். தொலைந்த ஆணிக்குப் பதிலாகக் கடையிலுள்ள சாதாரண சுரையாணியை இடுதல், முழுச் சக்கிளையும் அவ்வாணியின் வலிமைக்குத் தாழ்த்துவதாகும். திருகாணியை முழுதாக முறுக்கியபின், அது சுழன்று கழலாதபடி அதன் காதுத் துளையிற் கம்பி கோத்துச் சக்கிளுடன் கட்டுதல் வேண்டும். பாரம் சக்கிளின் நடுவிலே நேராக அமைதல் வேண்டும், பக்கவாட்டில் இழுத்தலாகாது.

உழவு இயந்திரத்திற் கவனிக்கவேண்டியவை

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்புறத்துத் தூக்குகரங்கள் மூன்று ஆணிகளால் கலப்பையைப் பற்றுகின்றன. இவ்வாணிகள் அளவு வகுக்கப்பட்டவை. முதலாம் வகையிற் கீழாணி 22 மில்லிமீற்றரும் மேலாணி 19 மில்லிமீற்றரும் விட்டமுடையன. இரண்டாம் வகையிற் கீழாணி 28 மில்லிமீற்றரும் மேலாணி 25 மில்லிமீற்றரும் உடையன. பெரிய துளையிற் சிறிய ஆணியை இட்டால் அது ஆடி ஆடித் துளையை நீளமாக்கும். ஒரு நாள் வளைந்து கழலும். அளவொவ்வாதவிடத்து அதற்கென விற்கப்படும் இரும்புக் குழலை இடையில் இடல் வேண்டும். பூட்டூசிக்குப் பதிலாக ஆணியோ, வேலிக் கம்பியோ செருகுதல் பல இடங்களிற் காணப்படும் பெருந்தவறு. சில ரூபா விலையுள்ள பூட்டூசி விழுந்தால் நூற்றுக்கணக்கான கிலோகிராம் கலப்பையும் விழும்.

தூக்கிய கலப்பையை மேலே நிறுத்துவது எண்ணெய் அமுக்கமேயாம். குழாய் வெடித்தாலும், நெம்பு தட்டுப்பட்டாலும் அது கீழே வரும். ஆகவே கூர் மாற்றும்போதும் புல் நீக்கும்போதும் கலப்பையை நிலத்தில் இறக்குதல் வேண்டும். உயர்த்தியே வேலை செய்யவேண்டுமாயின், உறுதியான மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மீது இருத்தல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்திப் போகும் ஒவ்வொரு முறையும் கலப்பையை இறக்கிவிடுதல் நல்வழக்கமாகும்; அங்கே பிள்ளைகள் வரலாம்.

அடிக்கட்டை பிடுங்கவும், கிணற்றிலிருந்து பாரமிழுக்கவும் உழவு இயந்திரத்தைப் பயன்படுத்துவோர், வடத்தைத் தாழ்வாயுள்ள இழுவைச் சட்டத்திலேயே பூட்டுதல் வேண்டும். மேலாணியிலோ அச்சின்மீதோ பூட்டினால், பாரம் அசையாதபோது இயந்திரத்தின் முன்புறம் கிளம்பிச் சாரதியின்மேற் பின்புறமாகப் புரளும். அது நிகழ்வதற்கு ஓரிரு விநாடிகளே போதும். காலை எடுத்துக் கிளச்சை மிதிக்கவும் நேரமிராது. அத்துடன், சாரதிக்குக் கிணற்றுக்குள் நடப்பது தெரியாது. கிணற்றோரத்தில் ஒருவர் நின்று கைச்சைகை காட்டவும், சாரதி அவரொருவரின் சைகைக்கே கீழ்ப்படியவும் வேண்டும். "நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்துதல் வேண்டும்.

வேலை நடக்கும்போது

வாளியை விளிம்புவரை நிரப்பாது நான்கு விரற்கடை குறைவாக நிரப்புதல் வேண்டும். மேலேயிருந்து விழும் ஒரு சிறு கல்லும் உயிரைக் குடிக்கும். முதலில் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, கட்டுகளையெல்லாம் பார்த்தபின்னரே மேலே எடுத்தல் வேண்டும். அகன்ற கிணறாயின் கீழே நிற்பவர் எதிர்ச்சுவரோரம் ஒதுங்குதல் வேண்டும். ஒடுங்கிய கிணறாயின் பெரும்பாரம் ஏறும்போது அவர் வெளியேறிவிடல் வேண்டும். தலைக்கவசம் இருவகைக் கிணற்றிலும் வேண்டும்.

பாரந்தூக்கும் வாளியிலும் கொழுக்கியிலும் மனிதர் ஏறி இறங்குதல் கூடவே கூடாது. அதற்கு ஏணியும், தனியான காப்புக் கயிறும் வேண்டும். கிணற்றுக்குள் ஆள் இருக்கும்போது எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமின்றிக் கொல்லும். குழாய்க்கிணற்றின் மூழ்குபம்பியை மின்கம்பியைப் பிடித்துத் தூக்கலாகாது. பம்பியின் காதிற் பூட்டிய தனிக் கயிற்றினால் மட்டுமே தூக்குதல் வேண்டும். அப்பொழுது பம்பியின் நிறையோடு குழாயின் நிறையையும், குழாயில் நிற்கும் தண்ணீரின் நிறையையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

போகத்துக்கொருமுறை

இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலைகளிற் பயன்படும் சங்கிலி, கயிறு, தூக்குகருவி ஆகியவற்றின் பாதுகாப்பைப்பற்றி விதிக்கின்றது. பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள் கமங்களிலுள்ள தூக்குகருவிகளையும் உள்ளடக்கி, இணைப்புச் சாமான்களைப் பொதுவாக ஆறு மாதத்துக்கொருமுறை தகுதியுடைய ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்கவேண்டுமென்று கூறுகின்றன. தோட்டத்துக் கிணற்றடிக்குப் பரிசோதகர் வருவாரென்று காத்திருக்க முடியாது. ஆயினும் ஆறு மாதக் கணக்கு கமக்காரருக்குப் புதியதன்று. சிறுபோகமும் காலபோகமுமாக ஆண்டு இரண்டாகவே பகுக்கப்பட்டுள்ளது. விதைநெல்லைப் பார்க்கும் நாளிலேயே வடத்தையும் கொழுக்கியையும் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால் அவ்விதி தானாகவே நிறைவேறும். இதைத் தவிர, வேலை தொடங்கும் ஒவ்வொரு காலையிலும் ஒருமுறை கண்ணோட்டம் விடுதல் வேண்டும்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு சாமானின் பெயர், வாங்கிய திகதி, பொறித்துள்ள வேலைச்சுமை, புதிதாயிருந்தபோது எடுத்த அளவு, போகந்தோறும் எடுத்த அளவு ஆகியவற்றை எழுதிவைக்கலாம். பரிசோதித்துத் தேறியவற்றுக்கு அந்தப் போகத்துக்குரிய நிறத்திற் சிறு மைப்பொட்டு வைத்தால், மைப்பொட்டில்லாததை வேலையாட்கள் எடுக்கமாட்டார்கள். கயிற்றிலும் பட்டியிலும் மை பூசாது, நிறத் துணியொன்றைக் கட்டிவிடுவது நல்லது. சாமான்களைக் கூலிக்கோ இரவலாகவோ பெறும்போது, சொந்தச் சாமானைப் பார்ப்பதினும் கூடிய கவனத்துடன் பார்த்தல் வேண்டும். அதன் பழைய வேலை எத்தகையதென்று பெறுபவர் அறியார்.

தள்ளிய வடத்தையும் கொழுக்கியையும் கொட்டிலில் மூலையிற் போட்டுவைத்தலாகாது. அவசரத்தில் ஒருவர் அதனையே எடுத்து மாட்டுவார். வடத்தைப் பல துண்டுகளாக வெட்டியும், கொழுக்கியையும் சங்கிலியையும் பிளந்து பழைய இரும்புக்குக் கொடுத்தும் விடுதல் வேண்டும்.

ஒரு நல்ல சக்கிளின் விலை, ஒரு நாட் கூலியிலும் பெரிதன்று. கிணற்றுக்குள் இறங்குபவர் பெரும்பாலும் அந்தத் தோட்டக்காரரோ, அவருடைய மகனோ, அயலவரோ ஆவர். மேலே நிற்பவர் வடத்தை ஒருமுறை கையால் உருவிப் பார்த்து, கொழுக்கியின் நாக்கையும் சக்கிளின் ஆணியையும் தொட்டுப் பார்த்தபின்னரே "இறங்கலாம்" என்று சொல்லுதல் வேண்டும்.